ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை மட்டும் எடுப்பது: நம் ஊர் கால்பந்து அணிக்கு இது போதுமா?

கிராணி_மகன் | வெள்ளி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம் முடிந்ததிலிருந்து சந்தைப் பக்கம் தே தாரே (இழுத்து ஆற்றிய டீ) குடிக்கப் போனால்கூட ஒரே கேள்விதான்: “இந்த வருசமும் நல்ல ஆள் எடுக்க மாட்டீங்களா?” வாட்சாப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முடிவு இதுதான். வேறு அணியில் இருக்கும் ஆட்டக்காரரை, அந்த அணி தரும் விடுவிப்புக் கடிதத்துக்குக் காசு கொடுத்து எடுக்கப் போவதில்லை. ஒப்பந்தம் முடிந்து, கையில் அணி இல்லாமல் இருப்பவர்களில் அதிகம் போனால் மூன்று பேரை எடுப்போம். மற்ற இடமெல்லாம் நம் ஊர், சுங்கை சிப்புட் பையன்களுக்கு.

கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. நம் திடலுக்கு வேலி இல்லை, டிக்கெட் வசூலும் இல்லை. கடைக்காரர்கள் கொடுப்பது, ஜெர்சியில் பெயர் போடும் டயர்க் கடைக்காரர் கொடுப்பது, வருசத்துக்கு ஒருமுறை நாம் நடத்தும் எழுவர் போட்டியின் நுழைவுக் கட்டணம், இவ்வளவுதான் வரவு. நடுவர் படி, வேன் வாடகை, பதிவுக் கட்டணம், ஜெர்சி, மருந்து எல்லாம் போக மிஞ்சுவதில்தான் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கிறோம். அந்த மிச்சத்தை ஒரே ஆளின் கடிதத்துக்குக் கொடுத்துவிட்டால் பாதி சீசனில் வேன்காரருக்குக் கடன் சொல்ல வேண்டிவரும். அப்படி ஒரு நாள் வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவராக, இருந்தவர். சம்பள நாளில் ஒரு ஆளுக்குக்கூடக் கணக்கு பிசகியதில்லை. அந்தப் பழக்கம்தான் எனக்கும்.

---

ஜாலோங்_ரோடு_10 | வெள்ளி, இரவு 10.15

கிராணி அண்ணே, கணக்கு சரி. உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் போன வருச அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். நம் தாக்குதல் ஆட்டக்காரன் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது பெஞ்சில் யார் இருந்தார்கள்? ஒரு பதினாறு வயதுப் பையனும், வேலை முடிந்து நேராக வந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரரும். கடைசி இருபது நிமிடம் எதிரணி கோல் பக்கம் நாம் ஒரு பந்துகூட அடிக்கவில்லை. அன்றைக்கு மழையில் நின்று பார்த்தவன் நான்.

ஜொகூர் அணியைப் பாருங்கள். 2014 முதல் மலேசியாவின் மேல்மட்ட லீக்கான சூப்பர் லீக் கிண்ணம் வேறு யார் கைக்கும் போகவில்லை. ஆட்டக்காரர், பயிற்சித் திடல், ஸ்டேடியம் என்று எல்லாவற்றிலும் காசு போட்டார்கள். நாம் ஜொகூர் இல்லை, தெரியும். ஒரே ஒரு நல்ல ஆளுக்காவது காசு போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மற்ற அணிகள் வேண்டாம் என்று விட்ட ஆள்தானே கடைசியில் நமக்கு வருகிறார்?

---

ஷா_ஆலாம்_மாமா | சனி, காலை 7.05

தம்பி, அந்தக் கடைசி வரி என் மனதில் தைத்தது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒப்பந்தம் முடிந்தவன் என்றால் வேண்டாதவன் என்று அர்த்தம் இல்லை. அந்த உரிமைக்காக ஒரு மனிதன் தன் ஆட்ட வாழ்க்கையையே இழந்திருக்கிறான். பெல்ஜியத்தில் ழான்-மார்க் பொஸ்மான் என்ற ஆட்டக்காரர். 1990இல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சில் டன்கர்க் கிளப் கூப்பிட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய கிளப் அவருக்கு விலை வைத்தது, பேரம் படியவில்லை, போக முடியவில்லை. ஐந்து வருசம் வழக்கு நடத்தினார். 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு அப்புறம்தான் ஒப்பந்தம் முடிந்தவன் காசு கட்டாமல் போகலாம் என்று ஆனது. அதற்குள் அவருடைய நல்ல வயது கடந்துவிட்டது. ஒப்பந்தச் சீட்டில் கட்டுண்டு கடல் தாண்டி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒருவன் தவணை முடிந்ததும் தன் காலில் நடந்து போகலாம் என்பதன் மதிப்பு நமக்குப் புரிய வேண்டும்.

இப்போது போல்ட்டன் கதைக்கு வருகிறேன். இது எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் நீளமாகப் போகும்.

போல்ட்டன் இங்கிலாந்தின் வடக்கே ஒரு பஞ்சாலை ஊர். ஆலைகள் மூடிய பிறகு ஊரே தளர்ந்து போனது. ரப்பர் விலை விழுந்து, மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, ஆட்களை வெளியே அனுப்பிய பிறகு நம் தோட்டங்கள் இருந்த நிலை உங்களுக்கே தெரியும். கிட்டத்தட்ட அந்த மாதிரி. 2001இல் அவர்கள் அணி இங்கிலாந்தின் மேல்மட்ட லீக்கான பிரிமியர் லீக்குக்கு ஏறியது, கையில் பெரிய பணம் இல்லை. பயிற்றுநர் சாம் அல்லர்டைஸ் என்ன செய்தார்? உலகத்தில் யாருடைய ஒப்பந்தம் முடிகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். 1998இல் உலகக் கிண்ணம் வென்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் யூரி ஜோர்கேஃப் 2002 தொடக்கத்தில் மாற்றுக் கட்டணம் (பழைய கிளப்புக்குத் தரும் காசு) இல்லாமல் வந்தார். அந்த வருசமே பாரிஸிலிருந்து ஜே-ஜே ஒகோச்சா, அவருக்கும் கட்டணம் இல்லை. ரியல் மாட்ரிட்டின் இவான் கம்போ முதலில் இரவலாக, பிறகு நிரந்தரமாக. 2004இல் ஃபெர்னாண்டோ ஹியரோ, மாட்ரிட்டுக்குப் பல வருசம் ஆடி, தலைவராகவும் இருந்தவர், முப்பத்தாறு வயதில் வந்து ஒரு சீசன் ஆடிக்கொடுத்தார்.

2004இல் லீக் கிண்ண இறுதி ஆட்டம். 2004-05 சீசனில் ஆறாம் இடம். அந்த கிளப்பின் வரலாற்றிலேயே முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனார்கள். “மற்றவர்கள் விட்ட ஆள்” என்று தம்பி சொன்னாரே, அந்த ஆட்கள்தான் கொண்டு போனார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆட்டக்காரருக்குக் கட்டாத காசை அல்லர்டைஸ் உடற்பயிற்சிக்கும், மருத்துவத்துக்கும், ஆட்டத்தைப் பதிவு செய்து அலசுகிறவர்களுக்கும் போட்டார். முப்பது தாண்டிய காலை வைத்து சீசன் முழுக்க ஆட வேண்டுமானால் அந்தக் காலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கிராணி, உங்களுக்கு என் கேள்வி: மூன்று வயதான ஆட்டக்காரர்களை எடுக்கிறீர்கள், சரி. தசை பிடித்துக்கொண்டால் பார்க்க ஒரு ஆள் இருக்கிறாரா? ஐஸ் பெட்டியாவது திடலுக்கு வருகிறதா?

---

ஈப்போ_மஞ்சள்_கறுப்பு | சனி, காலை 9.30

மாமா சொன்னது உண்மை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டணம் இல்லாத ஆட்டக்காரர் என்றால் செலவு இல்லாத ஆட்டக்காரர் என்று நினைத்து ஏமாந்த கிளப்புகள் நிறைய.

இத்தாலியின் யுவென்டஸ் கிளப் இதற்கு இரண்டு பக்கமும் உதாரணம். 2011இல் மிலான் விட்ட ஆண்ட்ரியா பிர்லோவை எடுத்தார்கள். முப்பத்திரண்டு வயது, கட்டணம் இல்லை. அந்த சீசனிலேயே லீக் கிண்ணம், அதிலிருந்து தொடர்ந்து ஒன்பது வருசம். அதே கிளப் 2019இல் ஆர்சனலிலிருந்து ஆரன் ராம்சியை அதே முறையில் எடுத்தது. சம்பளம் மிகப் பெரியது, ஒப்பந்தம் 2023 வரை. காயத்தால் பாதி நாள் திடலிலேயே இல்லை. 2022இல் இரு தரப்பும் பேசி ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொண்டார்கள். வாசலில் கொடுக்காத காசை மாதா மாதம் உள்ளே கொடுத்தார்கள்.

நம் மாநில அணி பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் திரங்கானுவை பெனால்டியில் வென்று மலேசியக் கிண்ணம் தூக்கியபோது ஈப்போவில் தூங்காதவர்களில் நானும் ஒருவன். மூன்றே வருசம். சம்பளப் பாக்கி, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றம், 2021இல் சூப்பர் லீக்கிலிருந்து இறக்கம். அந்தப் பையன்கள் ஆட்டம் மறந்தா போனார்கள்? ஆட்கள் வந்தது பிரச்சினை இல்லை. வந்தவர்களுக்கு மாதக் கடைசியில் கொடுக்க முடிந்ததா என்பதுதான் பிரச்சினை.

கிராணி அண்ணே மூன்று பேர் என்று ஒரு எண் சொல்லியிருக்கிறார். ஆளுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்), எத்தனை மாதம் என்பதையும் சொன்னால் நல்லது.

---

எண்_5 | சனி, மதியம் 2.20

நான் இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் ஆறு வருசம் மத்தியத் தற்காப்பில் காசு வாங்கி ஆடியவன். எந்த கிளப் என்று வேண்டாம். கடைசி சீசனில் முதல் இரண்டு மாதம் சம்பளம் வந்தது. மூன்றாவது மாதம் “அடுத்த வாரம்”. நான்காவது மாதமும் அதே பதில். என் மனைவி அப்போது ஏழு மாதம். வாடகை வீட்டுக்காரர் நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார். என் அண்ணன்தான் அரிசியிலிருந்து எல்லாம் வாங்கிப் போட்டார். அந்த நான்கு மாதமும் நான் ஒரு பயிற்சிக்குக்கூடப் போகாமல் இருந்ததில்லை.

ஃபிஃபா விதியில் ஒன்று உண்டு, 2018இல் கொண்டு வந்தார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், ஆட்டக்காரர் எழுத்தில் கேட்டு, பதினைந்து நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்கும் கொடுக்கவில்லை என்றால் தகுந்த காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வரலாம். நான் அப்படித்தான் வந்தேன். ஆட்டக்காரர் சங்கம் கடிதம் எழுத உதவியது. காகிதத்தில் நான் சுதந்திர ஆட்டக்காரன். நிஜத்தில் முப்பத்தொரு வயதில், பையில் ஒரு ஜோடி பூட்ஸோடு, கோலகங்சார் பஸ் நிலையத்தில் நின்றவன்.

ஜாலோங் தம்பி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த நாட்டில் அணி இல்லாமல் நிற்கிற ஆட்டக்காரர்களில் பலபேர் ஆட்டம் சரியில்லாமல் நிற்கவில்லை. சம்பளம் வராமல் நிற்கிறார்கள். அவர்களைப் போய்க் கேட்டுப் பார், “நீங்கள் எவ்வளவு தருவீர்கள்” என்று கேட்க மாட்டார்கள். “எந்தத் தேதியில் தருவீர்கள்” என்றுதான் கேட்பார்கள். சொன்ன தேதியில் கொடுக்கிற சின்ன அணிக்கு, பெரிய அணியில் ஆடியவன் பாதிக் காசுக்கு வருவான். கிராணி அண்ணன் நோட்டின் பலம் அதுதான். அதை நம்பித்தான் நானும் இரண்டு சீசன் இந்த அணிக்கு ஆடினேன். ஒரு தடவைகூட நாள் தவறியதில்லை.

---

டீச்சர்_திடல்_பக்கம் | சனி, மாலை 5.45

எண் 5 தம்பி எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். குழந்தை இப்போது எந்த வகுப்பு?

நான் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டத்தின் நுட்பம் உங்கள் அளவுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் தெரியும். லிந்தாங் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பையன்கள் இருக்கிறார்கள், இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று கடைசிப் பத்து நிமிடம் ஆடாமலே போகிறவர்கள். இவர்களுக்கு மேல் அணியில் ஒரு இடம் இருக்கிறது என்ற நினைப்புதான் இழுத்து வருகிறது. மூன்று பெரியவர்கள் வந்தால் மூன்று பையன்கள் பெஞ்சுக்குப் போவார்கள். பெஞ்சில் இருந்தவன் வீட்டுக்குப் போவான். வீட்டில் இருப்பவன் எங்கே போவான் என்று நான் பார்த்திருக்கிறேன், இங்கே எழுத வேண்டாம்.

இன்னொரு நியாயமும் கேட்க வேண்டும். ஒரு ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலத்துக்குள் காசுக்கு வேறு நாட்டு அணிக்கு மாறினால், அந்தக் காசில் நூற்றுக்கு ஐந்து, அவனைப் பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும் என்று ஃபிஃபா விதி இருக்கிறது. மாற்றுக் கட்டணமே இல்லையென்றால் ஐந்து சதவீதத்துக்கு எதைப் பிரிப்பது? பொஸ்மான் தீர்ப்பு ஆட்டக்காரருக்கு நியாயம் செய்தது, சந்தோசம். வளர்த்தவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. நம் ஊர்ப் பையன் நாளைக்குப் பெரிய அணிக்குக் கட்டணம் இல்லாமல் போனால் அந்தப் பங்கிலிருந்து இந்தத் திடலுக்கு ஒரு வலைகூட வராது. அதனால் மற்றவர்கள் வளர்த்தவரை நாம் எடுக்கும்போது, நாமும் யாரையாவது வளர்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

---

ஜாலோங்_ரோடு_10 | சனி, இரவு 8.10

எண் 5 அண்ணே, நீங்கள் யார் என்று இப்போது புரிகிறது. அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. மூன்று பேர், சரி. எந்த மூன்று இடம்? சும்மா கிடைக்கிறார் என்பதற்காக இன்னொரு மத்தியத் திடல் ஆட்டக்காரரை எடுத்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கிறார்கள்.

---

ஷா_ஆலாம்_மாமா | சனி, இரவு 8.50

தம்பி கேட்டது சரியான கேள்வி. இங்கிலாந்தின் லெஸ்டர் அணி 2016இல் பிரிமியர் லீக் வென்றபோது எல்லாரும் மாரெஸ், வார்டி, கான்டே என்று மூன்று பெயரைச் சொன்னார்கள். இடது தற்காப்பில் ஓடிய கிறிஸ்டியன் ஃபுக்ஸ் 2015இல் ஷால்கவிலிருந்து கட்டணம் இல்லாமல் வந்தவர். அதே பக்கம் அவருக்கு முன்னால் ஓடிய மார்க் ஆல்பிரைட்டன் அதற்கு முந்தின வருசம் ஆஸ்டன் வில்லா விட்டவர். ஆக இடது பக்கம் முழுக்க மாற்றுக் கட்டணம் பூஜ்யம். எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த இடத்துக்கு மட்டும் ஆள் பார்த்தார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பை நிறைய வாங்கி வருவது சிக்கனம் இல்லை.

நம் இந்திய அணிக்கு நடந்ததையும் மறக்க வேண்டாம். மலேசிய இந்தியர் கால்பந்துச் சங்கமான மீஃபாவின் அணி கீழ் லீக்கிலிருந்து ஏறி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கில் ஆடியது. எவ்வளவு பெருமையாக இருந்தது! உள்ளூர்ப் பையன்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. 2022 சீசனோடு லீக்கிலிருந்தே விலகிக்கொண்டார்கள். ஏறுவது ஒரு வேலை, ஏறிய இடத்தில் வருசா வருசம் சோறு போடுவது இன்னொரு வேலை. அந்த அணி இன்றைக்கு இருந்திருந்தால் இந்த இழையில் பேசுகிற பையன்களில் ரெண்டு பேராவது அங்கே இருந்திருப்பார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

---

கிராணி_மகன் | ஞாயிறு, காலை 6.30

எல்லாருக்கும் பதில் சொல்கிறேன், ஒவ்வொன்றாக.

ஈப்போ தம்பிக்கு: ஆளுக்கு மாதம் 400 வெள்ளி வரை, எண்ணெய்க் காசு தனி. ஆறு மாதம். ஆறு மாதத்துக்கான மொத்தக் காசும் கையில் இருந்தால்தான் கையெழுத்து. இரண்டு பேருக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டு பேர்தான்.

மாமாவுக்கு: ஐஸ் பெட்டி வருகிறது. தசை பார்க்க ஆள் இல்லை, உண்மை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

ஜாலோங் தம்பிக்கு: இடம் இரண்டு. ஒன்று நீ சொன்ன தாக்குதல் இடம், அதற்கு ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று கோல் கீப்பர். முப்பத்து மூன்று வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், சூப்பர் லீக்கில் பெஞ்சில் இருந்தவர், சம்பளப் பாக்கியால் வெளியே வந்தவர். நேற்றைக்கு ஃபோன் போட்டேன். எண் 5 எழுதியது போலவே, அவர் கேட்ட முதல் கேள்வி எந்தத் தேதியில் கொடுப்பீர்கள் என்பதுதான்.

இங்கேதான் எனக்குத் தயக்கம். டீச்சரிடம் வளர்ந்த பையன், அந்த பதினேழு வயது கீப்பர், அவனும் அதே இடம்.

---

டீச்சர்_திடல்_பக்கம் | ஞாயிறு, காலை 8.00

அண்ணே, அந்தப் பையனுக்கு இதுவரை யாருமே கீப்பர் வேலையைச் சொல்லிக்கொடுத்ததில்லை. யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். “ஸ்பைடர்மேன்” ஆறுமுகம் படத்தை யாரோ கொடுத்தார்கள் என்று பைக்குள்ளேயே வைத்திருக்கிறான். அவர் 1988இல் விபத்தில் இறந்தபோது இவன் அம்மாவே சின்னப் பெண்ணாக இருந்திருப்பாள்.

வருகிறவர் செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து இவனுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மூன்று ஆட்டத்துக்கு ஒரு ஆட்டம் பையன் நிற்கட்டும். அப்படியென்றால் எனக்கு முழுச் சம்மதம்.

---

எண்_5 | ஞாயிறு, காலை 8.40

நல்ல யோசனை டீச்சர். பொண்ணு இப்போது இரண்டாம் ஆண்டு, நம் பள்ளியில்தான். ஒப்பந்தம் இரண்டு பக்கம் இருந்தால் போதும், நான் எழுதித் தருகிறேன். தேதி, தொகை, காயம் பட்டால் யார் பார்ப்பது, இந்த மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். எனக்கு இல்லாமல் போனது அந்த மூன்றாவது வரிதான்.

---

ஜாலோங்_ரோடு_10 | ஞாயிறு, காலை 11.25

என் பாட்டி ஒரு கதை சொல்வார். 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக வந்து, தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்கள், நாமே சேர்ந்து வாங்குவோம் என்று கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தாராம். மாதம் பத்து வெள்ளி. பாட்டி பால் வெட்டிய காசில் கட்டினார். நம் ஊர்க்காரர் தொடங்கியது அது.

நான் வேலை செய்யும் இடத்தில் இந்த ஊர்ப் பையன்கள் பதினோரு பேர் இருக்கிறோம். இன்றைக்குப் பேசினேன். மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி, ஆறு மாதம். ஆட்டக்காரருக்கு வேண்டாம், தசை பார்க்கிற ஆளுக்கு என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே. ஈப்போவில் பிசியோ படித்த பெண் ஒருவர் சனிக்கிழமைகளில் வரத் தயார் என்று என் தங்கை சொல்கிறாள்.

---

ஈப்போ_மஞ்சள்_கறுப்பு | ஞாயிறு, மதியம் 12.10

என் பத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

கிராணி_மகன் | ஞாயிறு, இரவு 9.15

ரசீதுப் புத்தகம் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன், அதன் அட்டையில் “மருத்துவம்” என்று எழுதியாகிவிட்டது. ஜாலோங் தம்பி, செவ்வாய்க்கிழமை திடலுக்கு வா, பதினோரு பேருக்கும் தனித்தனியாக ரசீது போட்டுத் தருகிறேன்.

கீப்பர் சம்மதித்துவிட்டார். தேதி ஒவ்வொரு மாதமும் ஐந்து. பையனைப் பற்றிச் சொன்னேன். அவன் கையுறை என்ன அளவு என்று கேட்டார், தன்னிடம் பழைய ஜோடி இருக்கிறதாம். டீச்சர், அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.